ரெயின்ஸ்ஃபோர்ட் உண்மையிலேயே மாறினானா?

ரிச்சர்ட் கானெல் எழுதி 1924ஆம் ஆண்டில் வெளியான 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' சிறுகதையைக் குமுளியில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளோடு சேர்ந்து அடிக்கடி வாசிக்கிறேன். ஏலத்தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்து வருபவர்கள் அவர்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஓரத்திலேயே வளர்ந்ததால், இருட்டிய பிறகு காட்டை ஒட்டி நடப்பதன் பயம் எப்படிப்பட்டது என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னுணர்த்தல், முரண்நகை (எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நிகழ்வது), பாத்திரப் படைப்பு ஆகியவற்றின் இலக்கணத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அவை கதையில் எந்த இடத்தில் உயிரோடு இருக்கின்றன என்று தேடாமலே விட்டுவிடுகிறார்கள்.

கதையின் தொடக்க உரையாடலையே எடுத்துக்கொள்வோம். கரீபியக் கடலில் செல்லும் படகில், வேட்டையாடப்படும் ஜாகுவாருக்கும் பயம் தெரியும் என்கிறான் விட்னி. அதைப் புறந்தள்ளும் அவன் நண்பனும் கதையின் நாயகனுமான வேட்டைக்காரன் ரெயின்ஸ்ஃபோர்ட், உலகில் வேட்டையாடுபவர், வேட்டையாடப்படுபவர் என இரண்டே வகையினர்தான் என்கிறான். அவனுடைய இரக்கமின்மையைக் காட்டுவதும், வரப்போவதை முன்கூட்டியே உணர்த்துவதும், பின்னால் அவன்மீதே திரும்பப்போகும் முரண்நகைக்கு வித்திடுவதும் அந்த ஒரே பேச்சுதான்.

படகிலிருந்து கடலில் விழுந்து ஒரு தீவில் கரையேறும் ரெயின்ஸ்ஃபோர்ட், அங்கே மனிதர்களையே வேட்டையாடும் தளபதி ஸாரோஃபிடம் சிக்குகிறான். அந்த ஸாரோஃபைப் 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் அவன் எதையுமே மறைப்பதில்லை. நல்ல விருந்தளித்து, விலங்குகளை வேட்டையாடிச் சலித்துவிட்டதால் சிந்திக்கத் தெரிந்த இரையைத் தேடிக்கொண்டதாக உணவு மேசையிலேயே விளக்குகிறான். கொடியவன் என்று ஆசிரியர் முத்திரை குத்தாமல், அந்த உபசாரத்தையும் சிவந்த உதடுகளுக்கிடையே தெரியும் கூரிய பற்களையும் மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

குணத்தை நேரே சொல்லாமல் செயல்வழி உணர்த்தும் மறைமுகப் பாத்திரப் படைப்புக்கு நான் எப்போதும் காட்டும் இடம் மரத்தடிக் காட்சி. இப்போது ஸாரோஃபின் இரையாகிவிட்ட ரெயின்ஸ்ஃபோர்ட், தடங்களைச் சிக்கலாக்கிவிட்டு மரக்கிளையில் படுத்திருக்கிறான். கீழே வந்து நிற்கும் ஸாரோஃபின் பார்வை அடிமரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக மேலேறி, அவன் படுத்திருக்கும் கிளையை எட்டுவதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. பிறகு ஒரு புன்னகை, ஒரு புகை வளையம். அவ்வளவுதான், திரும்பி நடந்துவிடுகிறான். மறுநாள் ஆட்டத்துக்காக இரையை மிச்சம் வைத்திருக்கிறான் என்பது ரெயின்ஸ்ஃபோர்டுக்குப் புரியும் அந்தக் கணத்தில், இருவருடைய மனமும் ஒரு சொல்லும் பேசப்படாமலே நமக்குத் திறந்துவிடுகிறது.

ரெயின்ஸ்ஃபோர்ட் வைக்கும் பொறிகள் மூன்றையும் விரைவாகவே கடந்துவிடுவேன். முதலாவது ஸாரோஃபின் தோளைக் காயப்படுத்துகிறது, அடுத்தது அவனுடைய நாய் ஒன்றையும் கடைசியானது அவனுடைய வேலையாள் இவானையும் கொல்கிறது.

முடிவில்தான் உண்மையான கேள்வி எழுகிறது. ரெயின்ஸ்ஃபோர்ட் மாறும் பாத்திரம் என்று வழிகாட்டி நூல்கள் தயங்காமல் சொல்கின்றன. இரையின் பயத்தை அவன் அறிந்துகொண்டான் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடலில் குதித்துத் தப்பி வந்தவனைத் தன் படுக்கையறையில் கண்ட ஸாரோஃப் தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்திய பிறகும், தான் இன்னும் துரத்தப்பட்டு மடக்கப்பட்ட விலங்குதான் என்று சொல்லி மோதத் தயாராகிறவன் அவனே. மோதலை விவரிக்காமல், இதைவிட நல்ல படுக்கையில் தான் உறங்கியதேயில்லை என்று அவன் முடிவு செய்வதோடு கதை நின்றுவிடுகிறது. மாறினான், மாறவில்லை என்ற இரண்டு விடைகளுக்கும் நான் மதிப்பெண் தருகிறேன். அது ஸாரோஃபின் படுக்கை என்பதைக் கவனிக்காமல் எழுதியவர்களை மட்டும் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்துவரச் சொல்கிறேன்.