பெண்ணை அனுப்பும் நேரம்: மண்டபத்தின் கடைசி மணி நேரத்தைப் படமெடுத்துப் பார்த்தது

தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி நாலு கேமராவாவது முட்டிக்கொண்டு நிற்கும், அங்கே நானும் போய் இடிபட ஒன்றும் இல்லை. கொஞ்ச காலமாக நான் எடுத்துப் பழகுவது கல்யாணத்தின் மறுமுனையை. மதியச் சாப்பாடு ஓய்ந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்து, பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்புகிற வரைக்குமான நேரம் அது. காசு வாங்கி எடுக்கிறவர்கள் அப்போது லைட் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு இருப்பார்கள், இல்லையென்றால் பந்தியில் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷனில் இருந்து நின்ற கால். நான் உறவுக்காரனாகவோ நண்பனாகவோ போகிறவன். காட்பாடி, அணைக்கட்டு, ஆரணி என்று எங்கே பத்திரிகை வந்தாலும் மொய்யும் வைத்துவிட்டு படமும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கையில் இருப்பது பழசாக வாங்கிய நிக்கான் டி5600, ஒரு 35 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ். ஃபிளாஷ் கொண்டுபோவதே இல்லை. அந்த நேரத்தில் ஃபிளாஷ் ஒரு தடவை அடித்தால் போதும், எல்லோரும் சட்டென்று சிரித்து வரிசையாக நின்றுவிடுவார்கள், நான் எடுக்க வந்தது காணாமல் போய்விடும்.

முதல் பிரச்சினை எப்போது கிளம்புவார்கள் என்பது. இதற்கு யாரையும் கேட்க வேண்டாம், கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தினக் காலண்டர் தாளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் 12-லிருந்து 1.30 வரை எமகண்டம், 4.30-க்கு ராகு காலம். மண்டபத்தையும் மூன்று மணி வாக்கில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆக பெண் வாசலைத் தாண்டுவது ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். வெள்ளிக்கிழமை என்றால் ராகு காலம் 12-க்கு முடிந்துவிடும், எமகண்டம் 3-க்கு ஆரம்பிக்கும், அதனால் 12 அடித்ததும் வாசலில் பரபரப்பு. சில வீடுகளில் இதெல்லாம் பார்ப்பதில்லை என்பார்கள், ஆனால் கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒரு தாத்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "இரு இரு, இன்னும் பத்து நிமிஷம்" என்று நிறுத்தாமல் நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் வேலை செய்கிற நேரமே: செருப்பு மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் எல்லோரும் நிற்பார்கள்.

அடுத்தது வெளிச்சம், இதில்தான் அதிகம் மண்டை உடைந்தது. மேடையில் ஊதா, ரோஸ் என்று எல்.ஈ.டி. எரியும்போது அரக்குப் பட்டுப் புடவை எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடுகிறது, நெசவும் தெரியாது ஜரிகையும் தெரியாது. ஆரணியில் போய் பட்டை அப்படி எடுத்துக்கொண்டு வந்தால் அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதிகிற வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), சுருக்காத ரா (RAW) ஃபைலாக எடுத்தால் ஓரளவு மீட்கலாம். ட்யூப்லைட்டு, மலிவான எல்.ஈ.டி. இருக்கிற சாப்பாட்டுக் கூடத்தில் வேறு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். ஷட்டரை 1/500 நொடி என்று வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100-ல் வைத்தால் ஒரு முழு மினுக்கல் உள்ளே அடங்கிவிடுவதால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பரிமாறுகிறவர் கை கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும், சாம்பார் வாளியோடு ஓடுகிற கை கலங்காமல் இருந்தால்தான் பொய்.

ஆனால் நான் இத்தனை தடவையில் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று: மேடை விளக்கை அணைக்கும் வரை காத்திருப்பது. டெக்கரேஷன் ஆட்கள் வந்து ஒயரைப் பிடுங்கியதும் கூடமே ஒரு நிமிஷம் இருண்ட மாதிரி இருக்கும், அப்புறம் பார்த்தால் பக்கத்து ஜன்னல் வழியாக வருகிற பகல் வெளிச்சம் மட்டும் மிச்சம் இருக்கும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 1600, லென்ஸ் திறப்பு எஃப்/2, ஷட்டர் 1/160 போதும். தோல் நிறம் தோல் நிறமாக வருகிறது, பட்டு பட்டாக வருகிறது. அந்த வெளிச்சத்தில் சின்னப் பிள்ளைகள் மேடைப் பூவைப் பிய்த்து ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொள்வதையும், அரசாணிப் பானையை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று இரண்டு அத்தைகள் பேசிக்கொள்வதையும் எடுத்தேன். காலையில் மேடையில் எடுத்த எதுவும் இதற்குக் கிட்ட வரவில்லை.

கடைசி நேரம் ஒரே இடத்தில் நடப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். வாசலில் காருக்குப் பூச்சரம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், பின்பக்கம் பீரோவையும் கட்டிலையும் சின்ன யானை என்கிற டாடா ஏஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், ஒரு மூலையில் மொய் நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பார்கள், அது முடியாமல் பெண்ணின் அப்பா எழுந்து வரமாட்டார். கீழே கடைசிப் பந்தி. சமையல்காரர், மேளக்காரர்கள், வீடியோ ஆட்கள், டிரைவர்கள், அவர்களோடு சேர்ந்து பெண்ணின் அம்மா. காலையில் இருந்து நாஷ்டாகூடச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், உட்கார்ந்த பிறகும் "டிரைவருக்கு இலை போட்டாச்சா" என்று கேட்பார். காரை மட்டும் காவல் காத்தால் இதெல்லாம் போய்விடும். நான் இப்போது பந்தியில் ஆரம்பித்து, மொய் மேசை வழியாக, கடைசியில் வாசலுக்கு வருகிறேன். சின்ன யானை கிளம்பிவிட்டால் அடுத்தது கார்தான்.

வாசல் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கில் இருக்கிறது, அதனால் சித்திரை பத்து வாக்கிலும் ஆவணி பிறக்கும்போதும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. தையில் எடுத்த படங்களில் இந்தத் தொல்லை குறைவு, அப்போது சூரியன் உச்சியில் இருந்து 30 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் நான் போர்டிகோ நிழலை விட்டு வெளியே வருவதில்லை, காரையும் நிழலுக்குள் ஏற்றி நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். சூடான சிமெண்ட் தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழிருந்து முகத்தை நிரப்பும், அது இலவசம்.

காருக்குள் இருக்கிற பெண்ணை எடுக்க, கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு நேரெதிரே நின்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நன்றாகச் சாய்ந்து நின்றால்தான் பிரதிபலிப்பு போகும், அதுவும் பக்கக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஏதோ தேமல் மாதிரி காட்டிவிடுகிறது, கடினப்படுத்திய கண்ணாடியின் இறுக்கம்தான் அப்படித் தெரிவது. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் போச்சு. இப்போது டிரைவரிடம் "அண்ணா, கண்ணாடிய இறக்குங்க" என்று சொல்கிறேன், முடிந்தது.

அழுகையை எடுப்பதா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. அணைக்கட்டில் ஒரு அத்தை, "தம்பி, அழுவறத எடுக்காதப்பா, அப்புறம் அதையே பாத்துப் பாத்து அழுவோம்" என்றார், கேமராவை இறக்கிவிட்டேன். ஆனால் போன தையில் எடுத்த பெண்ணே பிறகு கேட்டது அப்பா காரின் கதவைச் சாத்தும் படத்தைத்தான். அதனால் எடுக்கிறேன், கொஞ்சம் தள்ளி நின்று, கையையும் முதுகையும் அதிகம் வைத்து. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடுவதில்லை. பெண்ணுக்குத்தான் முதலில் போகும், அதுவும் டாக்குமெண்டாக, இல்லையென்றால் சுருக்கி நாசமாக்கிவிடும். யாருக்குக் காட்டுவது என்பது அவள் விருப்பம்.

அடுத்தது ஆவணியில் குடியாத்தத்தில், வெள்ளிக்கிழமை முகூர்த்தம், மண்டபம் மாடியில். போர்டிகோ கிடையாது, படிக்கட்டு இறங்கினால் நேராக ரோடு என்கிறார்கள். 35 எம்.எம். லென்ஸ் அங்கே நெருக்கும் என்பதால், இன்னும் அகலமாக எடுக்கிற, கேமராவோடு வந்த 18-55 லென்ஸையும் எடுத்துப்போகிறேன். மேடை விளக்கின் சுவிட்ச் யார் பொறுப்பில் இருக்கிறது என்று ரிசப்ஷன் அன்றைக்கே விசாரித்து, அந்த ஆளோடு ஒரு டீ சாப்பிட்டுவிட வேண்டும்.