அம்மாவும் ஓட்டிய மலைப்பாதை: ஐடஹோவில் ஆர்.வி.யும் சைக்கிளும்

மலையில் சைக்கிள் ஓட்டலாம் என்றாலே பலர் தயங்குவது ஏற்றத்தை நினைத்துத்தான். ரயிலுக்கும் அதே தயக்கம் உண்டு. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. கொஞ்சம் செங்குத்தானாலும் வழுக்கத் தொடங்கிவிடும். நீலகிரி மலை ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்றால், அதற்காக நடுவில் பல் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. அது இல்லாத சாதாரண ரயிலை மலைக்கு மேல் கொண்டுபோனவர்கள், பெரும்பாலும் 100 அடிக்கு இரண்டு அடி அளவுக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொண்டார்கள். குறுக்கே மலை வந்தால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள். பிற்காலத்தில் அந்த ரயில்கள் நின்று, தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்த பிறகு மிஞ்சிய பாதையைத்தான் அமெரிக்காவில் ரயில் டிரெயில் என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய முழங்காலும் பத்து வயதுப் பையனின் காலும் சேர்ந்து மலையைக் கடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த கோடையில் வடக்கு ஐடஹோவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். சியாட்டில் பக்கத்திலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால், மான்டனா எல்லையை ஒட்டி இரண்டு அருமையான பாதைகள் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, 70 மைலுக்கும் மேல் நீளமான கோர்டலேன் தார்ப்பாதை. இன்னொன்று, ரயிலுக்காக மலையைக் குடைந்த குகைகளும் உயரமான இரும்புப் பாலங்களும் நிறைந்த ஹயவாதா பாதை. அது 15 மைல்தான்.

அம்மாவுக்கு சைக்கிள் புதிதல்ல. 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தபோது பழகியவர் அவர். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்போது சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அந்த பாரில் என்னை உட்கார வைத்து அம்மா ஊருக்குள் ஓட்டிப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பின் டவுனுக்குக் குடிவந்தோம், ஸ்கூட்டி வந்தது, சைக்கிள் நின்றுபோயிற்று. மலைப்பாதை என்று சொன்னதும், "கியர் எல்லாம் எனக்கு வேண்டாம்டி, பெடல் இருந்தாப் போதும்" என்றார்.

ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், முதல்முறை எடுப்பவர்களுக்கு உதவும். நாங்கள் வாடகைக்கு எடுத்தது 25 அடி நீளமுள்ள கிளாஸ் சி வண்டி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை. அதைப் பையன் பிடித்துக்கொண்டான். பின்னால் ஒரு படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினால் இன்னொன்று. கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், சின்னக் குளியலறை எல்லாம் உண்டு. முகாமில் சேர்ந்ததும் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றையும் இணைத்து, வண்டியைச் சமமாக நிறுத்தி, முன்கூரையை விரித்துவிட்டால் வீடு தயார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். பால் வாங்க வேண்டுமென்றால் அந்த வீட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டா கடைக்குப் போவது? அதனால்தான் ஆர்.வி.யும் சைக்கிளும் அவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்கிறேன். வண்டி ஓரிடத்தில் நிற்கட்டும்; கடை, ஏரி, பக்கத்து ஊர் எல்லாவற்றுக்கும் சைக்கிள். பின்பக்கக் கொக்கியில் மாட்டும் ரேக்கை வாங்கும்போது, அது ஆர்.வி.யில் மாட்டத் தகுந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நீள வண்டியின் பின்முனை காரைவிட அதிகமாகக் குலுங்கும், கார் ரேக் அதைத் தாங்காது.

முதலில் தங்கியது ஹெய்பர்ன் மாநிலப் பூங்காவில். 1908-இல் அமைந்த இதுதான் பசிபிக் வடமேற்கிலேயே பழைய மாநிலப் பூங்கா. கோர்டலேன் பாதை இதற்குள்ளேயே போகிறது. முகாமிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஏரியின் குறுக்கே சாட்கொலெட் பாலம், 3,100 அடி நீளம். ஒரு காலத்தில் படகுகள் போக நடுப்பகுதி சுழன்று வழிவிட்ட ரயில் பாலம் அது. இப்போது நடுப்பகுதியை உயர்த்தி வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். அம்மா முதல் படியில் இறங்கி சைக்கிளைத் தள்ளினார். திரும்பி வரும்போது இறங்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏரியை ஒட்டியே ஹாரிசன் வரை போகலாம். ஒரு பக்கம் பைன் மரச் சரிவு, மறு பக்கம் கை நீட்டினால் தொடும் அளவில் தண்ணீர். ஹாரிசனில் சைக்கிளில் வருகிற எல்லோரும் ஐஸ்கிரீம் கடை வாசலில் நிற்கிறார்கள். நாங்களும் நின்றோம்.

இவ்வளவு அழகான பாதையில் அடிக்கடி ஓர் எச்சரிக்கைப் பலகை வருகிறது: பாதையை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள், ஆற்றங்கரை மண்ணில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாதையில் போகக் கூடாது என்று நினைக்கிறேன். மேலே கெல்லாக், வாலஸ், மல்லன் ஊர்களைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு, உலகிலேயே அதிகமாக வெள்ளி எடுத்த இடங்களில் ஒன்று. வெள்ளியோடு ஈயமும் துத்தநாகமும் வந்தன. தாதுவைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கையைப் பல ஆண்டுகள் ஆற்றில்தான் விட்டார்கள். ரயில் பாதைக்கு அடியில் கொட்டியதும் அந்தச் சக்கைதான். வண்டிகளிலிருந்து சிந்திய தாது அதன்மேல் சேர்ந்தது. கெல்லாக்கில் இருந்த பங்கர் ஹில் ஈய உருக்காலையில் 1973-இல் புகையை வடிகட்டும் கூடம் தீப்பிடித்த பிறகும் ஆலையை ஓட்டினார்கள். ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பயங்கரமாக ஏறியது. 1983-இல் அந்தப் பகுதியை அமெரிக்க அரசு சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது நாட்டின் மிக மோசமான மாசு இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

யூனியன் பசிபிக் நிறுவனம் ரயிலை நிறுத்தியபோது, இந்த நச்சு மண்ணை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. முழுவதையும் தோண்டி எடுக்க முடியாது. மோசமான இடங்களில் மண்ணை அள்ளினார்கள், மிச்சத்தின் மேல் தார் போட்டு மூடினார்கள். அந்த மூடிதான் பாதை. 2004-இல் திறந்தார்கள். இதற்குப் பின்னால் கோர்டலேன் பழங்குடி மக்களின் விடாப்பிடியான போராட்டம் இருக்கிறது; அவர்களின் ஏரி, அவர்களின் ஆறு. 1991-இல் சுரங்க நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது அவர்களின் அரசு. இன்றும் அவர்கள் நிலத்துக்குள் வரும் பகுதியை அவர்களே பராமரிக்கிறார்கள், மற்றதை ஐடஹோ மாநிலம். பாதையில் ஒரு குப்பைகூடக் கண்ணில் படாததைப் பார்த்தால் அந்த அக்கறை புரியும். பையனுக்கு இதையெல்லாம் விளக்கினேன். கேட்ட பிறகு தண்ணீர் பாட்டிலைத் தொடும் முன்கூட அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

கடால்டோவுக்குக் கீழே ஆறு மெதுவாகி, பக்கவாட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டி ஏரிகள். பாதை தட்டையாக இருக்கும், அல்லியும் நாணலும் இரண்டு பக்கமும். மூஸ் என்கிற பெரிய மானைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் இங்கே வர வேண்டும். இங்கே ஆர்.வி. நன்றாகக் கைகொடுத்தது: நாங்கள் மூவரும் கடால்டோவில் இறங்கி சைக்கிளில் கிளம்ப, என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே மெடிமான்ட்டுக்குப் போய்க் காத்திருந்தார். போன வழியே திரும்பி ஓட்ட வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்தபோது தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் மேசையில் இருந்தன. வழியில் ஒரு தாய் மூஸும் குட்டியும் தண்ணீரில் கழுத்தை விட்டுக் கொடியைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. குட்டியோடு இருக்கும் மூஸ் கரடியைவிட ஆபத்து. தள்ளியே நின்று பார்த்தோம். "நம்ம ஊர் எருமை மாதிரி எவ்வளவு நிம்மதியா நிக்குது பாரு" என்றார் அம்மா.

கடால்டோவில் குன்றின்மேல் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் கத்தோலிக்க மிஷனரிகளும் கோர்டலேன் மக்களும் சேர்ந்து கட்டியது, ஐடஹோவில் இன்னும் நிற்கிற கட்டடங்களிலேயே பழையது. அரை மணி ஒதுக்குங்கள்.

அப்புறம் வாலஸ். ஊரே பழைய செங்கல் கட்டடங்கள். நகர மையம் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது. 1991 வரை, சியாட்டிலுக்கும் பாஸ்டனுக்கும் இடையில் ஐ-90 சாலையில் மிஞ்சியிருந்த ஒரே சிக்னல் விளக்கு இந்த ஊரில்தான். நெடுஞ்சாலையைத் தூண்கள்மேல் ஏற்றி ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்தத் தூண்களுக்கு அடியில்தான் சைக்கிள் பாதை போகிறது.

ஹயவாதா பாதைக்கு மில்வாக்கி ரயில் நிறுவனத்தின் கதை தெரிந்து போனால் நல்லது. சிகாகோ பக்கத்திலிருந்து பசிபிக் கடல்வரை மற்றவர்கள் ஏற்கெனவே பாதை போட்டுவிட்ட பிறகு, கடைசியாக வந்த நிறுவனம் இது. 1909-இல் முடித்தார்கள். அடுத்த ஆண்டே, 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில், புயல் காற்றோடு சேர்ந்து வந்த காட்டுத்தீ இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்தது. தப்பிக்க வழியில்லாமல் மக்களை ஏற்றிய ரயில்களைக் குகைகளுக்குள் ஓட்டி நிறுத்திக் காப்பாற்றினார்கள். ஏவரி ஊரை வெளியேற்ற உதவியவர்கள் 25-ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள். வாலஸ் அருகே எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தன் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி, வாசலில் துப்பாக்கியோடு நின்று யாரையும் வெளியே விடாமல் காத்தார், பெரும்பாலானோர் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டியுமாக அவர் பெயரில் வழங்கும் கருவியைத் தீயணைப்பு வீரர்கள் இன்றும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள்.

இந்த மலைப்பகுதியில் மில்வாக்கி ரயிலை மின்சாரத்தில் ஓட்டினார்கள், அதுவும் முதல் உலகப்போர் காலத்திலேயே. 1974-இல் மின்சாரத்தை நிறுத்தி டீசலுக்கு மாறினார்கள், எண்ணெய் விலை ஏறிக்கிடந்த நேரத்தில். மூன்று வருடத்தில் நிறுவனம் திவால், 1980-இல் இந்தப் பக்கம் ரயிலே நின்றது. படிக்கும்போது மனசு கனத்துப்போகும். சைக்கிள் பாதையாகத் திறந்தது 1998-இல்; நீளமான டாஃப்ட் குகை மட்டும் 2001-இல்.

லுக்அவுட் பாஸ் என்கிற கணவாயில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மான்டனாவுக்குள் ஐ-90-இன் 5-ஆம் எண் வெளிவழியில் இறங்கி கிழக்கு வாசலுக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டும் ஹெட்லைட்டும் கட்டாயம். நேரத்தைக் கவனியுங்கள்: மான்டனாவில் நுழைந்ததும் போன் ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிடும், ஆனால் பாதையும் பஸ்ஸும் ஐடஹோ பக்கத்துப் பசிபிக் நேரத்தில்தான் நடக்கின்றன.

ஆரம்பமே டாஃப்ட் குகை, 1.66 மைல். உள்ளே சுமார் 8 டிகிரி செல்சியஸ். ஜூலை வெயிலிலும் ஸ்வெட்டர் வேண்டும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, இரண்டு ஓரத்திலும் வாய்க்கால் ஓடுகிறது, விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. அம்மா பயப்படுவார் என்று நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். "வெளக்கு இல்லாத தெருவுல எத்தனை ராத்திரி வகுப்பு முடிச்சிட்டு ஓட்டிட்டு வந்திருக்கேன், நீ முன்னால போ" என்று அனுப்பிவிட்டார். நடுவில் சுவரில் மாநில எல்லைக்கோடு. பையன் ஒரு சக்கரம் ஐடஹோவிலும் ஒரு சக்கரம் மான்டனாவிலுமாக நின்று படம் எடுத்துக்கொண்டான். வெளியே வந்ததும் பக்கத்திலேயே ஓர் அருவி.

அதன்பிறகு முழுக்க இறக்கம்தான், 100 அடிக்கு 1.7 அடி. பெடலைக்கூட மிதிக்க வேண்டியதில்லை, பிரேக்கைத்தான் அடிக்கடி பிடிக்க வேண்டும். மொத்தம் பத்துக் குகைகள், ஏழு பாலங்கள். கெல்லி கிரீக் பாலம் 850 அடி நீளம், 230 அடி உயரம். கைப்பிடியோரம் நின்று பார்த்தால் நெடுநெடுவென்ற மரங்களின் உச்சி காலுக்கு வெகு கீழே தெரிகிறது. எதிர்ச்சரிவில், நாம் இனிமேல் போகப்போகிற பாலம் மரங்களுக்கு நடுவே தெரியும். அதைப் பார்த்தால்தான் ரயில் எவ்வளவு சுற்றி வளைந்து இந்த இறக்கத்தைச் சமாளித்தது என்று விளங்கும். அம்மா ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி, கம்பியில் கைவைத்து, தகவல் பலகையை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எங்களைத் தாண்டி வேகமாகப் போனவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சமும் பொறாமை வரவில்லை.

கீழே பியர்சனில் பாதை முடிகிறது. அங்கிருந்து சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பள்ளிப் பேருந்து மேலே கொண்டுவிடும். இறங்கியதும் டாஃப்ட் குகையை மறுபடி கடந்தால்தான் வண்டி நிறுத்திய இடத்துக்குப் போக முடியும். அந்த ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைத்துவிடாதீர்கள்.

போக நினைப்பவர்கள் ஹெய்பர்னில் மின்இணைப்பு உள்ள இடத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். ஹயவாதா பாதை மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வரலாம், ஜூலைதான் என் தேர்வு. சியாட்டில்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதே மில்வாக்கி ரயிலின் தடம்தான் நம் பக்கத்தில் ஸ்னோகுவால்மி கணவாய் வழியாகப் போகிற பாலூஸ்–காஸ்கேட்ஸ் பாதை. அங்குள்ள குகை 2.3 மைல், டாஃப்டைவிட நீளம். கொலம்பியா ஆற்றின்மேல் இருக்கும் பெவர்லி பாலத்தையும் 2022-இல் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். குளிர்காலத்தில் குகையை மூடிவிடுவார்கள், மே மாதம் திறப்பார்கள். அம்மா அடுத்த முறை வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதும் மே மாதத்துக்குத்தான்.