ஒரே வகுப்பு, இரண்டு சுருதி: இசைக் கல்லூரி நாட்குறிப்பு

ஜூலை 3

முதலாம் ஆண்டு வாய்ப்பாட்டு வகுப்பு தொடங்கிவிட்டது. அடையாற்றங்கரையில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய மாளிகைக்கு இப்போது 'தென்றல்' என்று பெயர். 1949இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கிய சென்னை அரசு இசைக் கல்லூரி பிற்பாடு இங்கே வந்தது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையும் டி. பிருந்தாவும் கற்பித்த கல்லூரி. குருவின் எதிரே ஒருவர் இருவராக உட்கார்ந்து கற்ற வித்வான்கள், மணி அடித்ததும் ஒரு கூட்டத்துக்கே பாடம் சொல்ல வேண்டி வந்தது. அப்போது முளைத்த சிக்கல் இன்னும் தீரவில்லை: எந்தச் சுருதியில் (பாட்டின் ஆதாரமான 'ச' எந்த உயரத்தில்) பாடுவது?

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஆண்களுக்கு 1 அல்லது 1½ கட்டை. பெண்களுக்கு 5, 5½. பொதுவாக 3 கட்டை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆண்டுதோறும் சொல்வார்கள். வைத்தால் ஆண்கள் தார (மேல்) ஸ்தாயியில் கத்துவார்கள். பெண்களுக்கு மந்தர பஞ்சமம் (கீழ் 'ப') வெறும் காற்றாக வரும். இரண்டு மாதத்தில் தொண்டை கட்டும்.

பாடத்தை இரண்டு தடவை சொல்வதே சரி. ஒரு சாரார் பாடும்போது மற்றவர் தாளம் போட வேண்டும். பாதி நேரம் போகிறதே என்பார்கள். போகட்டும். அடுத்தவர் சுருதியில் அதே வரிசையைக் கேட்கும் காதுதான் ரிஷபத்தை ('ரி') ஷட்ஜத்திலிருந்து ('ச') அளக்கப் பழகுகிறது.

ஜூலை 19

இன்று முழுக்கத் தம்புரா, பாட்டுக்குச் சுருதி தரும் நான்கு தந்தி வாத்தியம். எலக்ட்ரானிக் பெட்டி வந்த பிறகு பல பிள்ளைகளுக்குச் சுருதி சேர்க்கவே தெரிவதில்லை. இது பெரிய இழப்பு.

முதலில் தந்திகளில் கோத்த மணிகளை, ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும்படி, குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் பலகை) நாகபாசத்துக்கும் (தந்திகளின் கீழ்முனையைக் கட்டும் இடம்) நடுவில் நிறுத்த வேண்டும். பிறகு சாரணி, அதாவது 'ச' தந்தி. அதோடு இன்னொரு 'ச' தந்தியான அனுசாரணியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் மீட்டினால் அலை அடிக்காமல் ஒரே நாதமாக நிற்க வேண்டும். அடுத்து மந்தரம் (கீழ் 'ச'), கடைசியில் பஞ்சமம் ('ப'). பிருடையை (தந்தியை முறுக்கும் முளை) உள்ளே அழுத்தியபடி திருப்பணும். வழுக்கினால் சாக்பீஸ் தூள் தடவினால் போதும். நூலிழை வித்தியாசத்துக்கு மணி.

எல்லாம் சேர்ந்தும் தம்புரா ஊமையாக இருந்தால் ஜீவா சரியில்லை. குதிரைமேல் தந்திக்கு அடியில் இருக்கும் பருத்தி நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். தடித்த நூலானால் நாதம் மழுங்கும். இடம் தவறினால் வெறும் கம்பிச் சத்தம். சரியான இடத்தில் ரீங்காரம் சட்டென்று விரியும்.

அப்போது மந்தரத் தந்தியிலிருந்து யாரும் பாடாத அந்தர காந்தாரம் ('க'வின் உயர்ந்த வகை) எழும். அதைக் கேட்காமல் அதே காந்தாரம் வரும் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (முதல் ஸ்வரப் பயிற்சி) பாடுவது வீண். கீபோர்டின் காந்தாரம் இதைவிட ஏறக்குறைய 14 சென்ட் தூக்கல் (அடுத்தடுத்த இரண்டு கீபோர்டு கட்டைகளுக்கு இடைவெளி 100 சென்ட்). கீபோர்டில் காது பழகிய பிள்ளை தம்புராவோடு பாடும்போது காந்தாரம் ஒட்டாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

ஆகஸ்ட் 8

சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள். மூன்று காலம் (வேகம்). மூன்றாம் காலத்தில் அகாரம் ('ஆ' என்று பாடுவது) கலைந்தால் இரண்டாம் காலத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நவம்பர் 2

அடைமழை. ஈரத்தில் மிருதங்க வலந்தலையின் (வலப்பக்கம்) தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது. குளிரூட்டிய அரங்கில் இதற்கு நேர்மாறு. தோல் காய்ந்து ஏறிவிடும். ஏற்றுவதற்கு முட்டின்மேல் (தோலைச் சுற்றிய பின்னல் விளிம்பு) மரத்துண்டை வைத்துக் கல்லால் மேலிருந்து தட்ட வேண்டும், இறக்குவதற்குக் கீழிருந்து. ஒரே கண்ணில் (வார் நுழையும் இடம்) ஓங்கி அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் ஏறி, விளிம்புத் தோலின் நாதம் (மீட்டு) இரண்டாகக் கேட்கும். 16 கண்ணையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமன் செய்ய வேண்டும்.

தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ரவை. தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, தோலை முதலில் நனைத்து, நெல்லிக்காய் அளவில் தொடங்கி நடுவில் அப்ப வேண்டும். கூட்டினால் நாதம் இறங்கும். நீர் அதிகமானால் வழியும், குறைந்தால் பாதிக் கச்சேரியில் உதிரும். வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைக்காவிட்டால் பூச்சி தோலை அரிக்கும்.

ஏப்ரல் 11

வெயில் ஏறிவிட்டது. வீணையின் மெட்டுகளை (ஸ்வர இடத்தைக் குறிக்கும் உலோகப் பட்டைகள்) தாங்கும் மெழுகு இளகினால் 24 மெட்டும் நம்பிக்கைக்கில்லை; ஒரு மெட்டு அசைந்தால் போதும், அந்த இடத்து ஸ்வரம் பிசகும். வண்டியில், ஜன்னலோரத்தில் வீணையை விட்டு வைக்கக் கூடாது.

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது: வர்ணம் இரண்டு காலம், ஆலாபனை, நிரவல் (ஒரு வரியை விரித்துப் பாடுவது), கல்பனாஸ்வரம் (கற்பனையில் பாடும் ஸ்வரம்). பதற்றத்தில் முதல் வரியிலேயே அரைக் கட்டை கூட்டிப் பிடிப்பவர்கள் நிரவலில் மாட்டிக்கொள்வார்கள். ஷட்ஜத்தை மூச்சு முடியும் வரை பிடித்துவிட்டுத் தொடங்கச் சொல்லியிருக்கிறது.

பக்கவாத்தியத்துக்கு வரும் மாணவர்கள் அன்று இரண்டு மிருதங்கம் கொண்டுவர வேண்டும். 1 கட்டைக்காரருக்கு 24 அங்குல நீளம், 5 கட்டைக்காரருக்கு 22. ஒன்றையே அடித்து ஏற்றி இறக்கினால் வார் (தோலை இழுத்துக் கட்டும் தோல் பட்டை) அறுந்துவிடும்.