எருது என்றால் நண்பன்

மெக்சிகோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் எந்த ஸ்பானிஷ் சொல்லை முதலில் கற்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் ‘குவேய்’ என்பேன். பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் காது பழக வேண்டும். நான் இருக்கும் குவாதலஹாராவில் தெருவில் இறங்கி நடந்தால் அந்தச் சொல் காதில் விழாமல் வீடு திரும்ப முடியாது.

அதன் மூலச்சொல் ‘புவேய்’. எருது, அதாவது காயடித்த மாடு. காளைக்கு ‘தோரோ’ என்று வேறு சொல் உண்டு. மெக்சிகோவில் முன்பு மாடே கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஏரில் பூட்டினால் இழுக்கும், அடித்தாலும் திமிறாது என்பதால் மந்தமானவனை, ஏமாளியை ‘புவேய்’ என்று திட்டினார்கள். நாட்டுப்புறப் பேச்சில் ‘புவே’ என்பது ‘குவே’ ஆகிவிடும். தாத்தாவைக் குறிக்கும் ‘அபுவேலோ’வைக் கிராமத்தில் ‘அகுவேலோ’ என்பார்கள். அதே வழியில் புவேய் குவேய் ஆனது. வாட்ஸ்அப்பில் இன்னும் சுருக்கி ‘வேய்’ என்றே அடிக்கிறார்கள்.

திட்டாக இருந்தது காலப்போக்கில் நண்பர்களுக்குள் செல்லமாகி, இன்று நம் ‘மச்சான்’ இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மச்சானுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: பெண்கள் பெண்களையே இப்படி அழைக்கிறார்கள். ஒருநாள் மாலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் ஒரு ‘குவேய்’. மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ‘சீ, குவேய்... சீ, குவேய்’ என்றாள். ‘ஆமாம்டி’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, ஆனால் அவ்வளவு ஆறுதல் இருந்தது. எருதை நினைத்துப் பார்க்க அங்கே யாருக்குத் தோன்றும்?

‘எஸே குவேய்’ என்றால் ‘அந்த ஆள்’. யாரோ ஒருவன், பெயர் தேவையில்லை. முன்னால் ஒரு வசைச்சொல்லைச் சேர்த்துக் குரலைத் தடிக்க வைத்தால் பழைய திட்டு திரும்பி வந்துவிடும். எல்லாம் தொனியில்தான் இருக்கிறது.

யாரிடம் சொல்லக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘உஸ்தேத்’ என்று மரியாதையாகப் பேச வேண்டிய எவரிடமும் இது வாயில் வரக்கூடாது: நண்பனின் அம்மா, மேலதிகாரி, மருத்துவர், சந்தையில் காய் விற்கும் பாட்டி. எங்கள் ஸ்பானிஷ் ஆசிரியை அறுபதைத் தாண்டியவர். அர்த்தம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவிட்டு, “என்னிடம் மட்டும் வேண்டாம்” என்றார். அது சரிதான்.

சிலி நாட்டு ‘வெயோன்’ காதுக்கு இதைப் போலவே கேட்கும். அதுவும் நண்பனை அழைக்கும் சொல்தான். ஆனால் அது முட்டையைக் குறிக்கும் ‘உவேவோ’விலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘அசேர்சே குவேய்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் தன்னை எருதாக்கிக்கொள்வது. பொருள், தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது. டாக்கோ கடையில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பணம் போடும் நேரத்தில் ஒருவன் மட்டும் போனில் மூழ்கினால், “நோ தே ஆகாஸ், குவேய்”, அதாவது ‘நடிக்காதே மச்சான்’ என்று நாலு பேர் ஒரே குரலில் சொல்வார்கள். இப்போது அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது.