கல்யாணமான பிறகு ஓட்டுரிமையைப் புது ஊருக்கு மாற்றுவது: செட்டிநாட்டுப் பக்கம் நாங்கள் பார்த்தவரை

ராயவரத்தில் பிறந்து தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பழைய ஓட்டு திருமயம் தொகுதியில், புது வீடு காரைக்குடித் தொகுதியில். மாவட்டமே மாறிவிடுகிறது. இதற்குப் படிவம் 8 போதும். ஆனால் பாதிப் பேர் படிவம் 6-ஐ நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அது முதல்முறை சேருகிறவர்களுக்கானது. வேறெங்கும் என் பெயர் இல்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. பிறந்த ஊரில் பெயர் இருக்கும்போது அதில் கையெழுத்துப் போட்டால் பொய் உறுதிமொழியாகிவிடும்.

படிவம் 8-இல் இடமாற்றம், திருத்தம், மாற்று வாக்காளர் அட்டை எல்லாம் உண்டு. ஒரு விண்ணப்பத்தில் ஒன்றைத்தான் டிக் செய்ய முடியும். முதலில் இடமாற்றம். பெயர் ஏறியதும், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தத்துக்குத் தனியாக இன்னொன்று. அட்டை எண் பழையதேதான்.

முகவரிச் சான்றில்தான் மருமகள்கள் தடுமாறுகிறார்கள். கரண்டு பில் மாமனார் பேரில் இருக்கும், ஆதாரில் பிறந்த வீட்டு விலாசம் இருக்கும். கணவருக்கு அதே விலாசத்தில் ஓட்டு இருந்தால் அவர் பேரில் உள்ள சான்றே செல்லும்.

இங்கே இன்னொரு சிக்கல் வீடுதான். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். குடும்பம் புழங்குவது பின்வாசலில், விலாசமோ முகப்புத் தெரு. சரிபார்க்க வரும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பூட்டிய முகப்புக் கதவைப் பார்த்துத் திரும்பிவிடுவார். எந்த வாசலில் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். பங்கு இருக்கிறது என்பதற்காகப் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் ஓட்டு கேட்க முடியாது. வழக்கமாகக் குடியிருக்கும் இடம்தான் கணக்கு.

எல்லாவற்றையும்விட நாங்கள் கவனமாகப் பார்ப்பது பெயர். "ஆச்சி, உங்க பேரு?" என்றால் "மீனாள்னு எழுதுங்க" என்பார்கள். ஆதாரில் மீனாட்சி, பழைய பட்டியலில் மீனாட்சி ஆச்சி. மூன்றும் ஒருவரே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம், சான்றில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். பெயரைச் சொல்லாமல் ஓட்டையே இழந்த பெண்களும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1921-இலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். எல்லாருக்கும் கிடைத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. அப்போதும் முதல் பொதுத்தேர்தலில் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடக்கே, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கணவர் பெயருக்கு உறவினர் கட்டம் தனியாக இருக்கிறது. பெயர்க் கட்டம் உங்களுடையது.

விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் போட்டு நிலவரம் கேளுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள்.