சீன மேலாளர்கள் வெளிநாட்டுப் பொறுப்புக்குப் போகும்முன் பழக வேண்டியவை

2005-ல் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவு சீன நிறுவனமான லெனோவோ கைக்கு வந்தது. லெனோவோ ஆங்கிலத்தை அலுவல் மொழியாக்கியது. அதன் தலைவர் யாங் யுவான்சிங் குடும்பத்தோடு அமெரிக்காவின் வட கரோலினாவுக்கே குடிபோனார். பின்னால் வந்த பல சீன நிறுவனங்கள் இதில் ஆங்கிலத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. மேலாளருக்கு ஆங்கில வகுப்பு, இரண்டு நாள் கலாசாரப் பயிலரங்கு, அதோடு விமானம் ஏற்றிவிடுகிறார்கள். சில மாதங்களில் உள்ளூர் மேலாளர்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினால், சம்பளம் பற்றவில்லை போலிருக்கிறது என்று தலைமையகம் முடிவுகட்டுகிறது.

நன்றாக ஆங்கிலம் பேசும் மேலாளர்களும் தடுமாறுகிறார்கள். முடிவு எங்கே, யாரால் எடுக்கப்படுகிறது என்பதில் இரு தரப்புக்கும் இருக்கும் புரிதல் வேறு என்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பேன்.

பெரும்பாலான சீன நிறுவனங்களில் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசி விஷயத்தை முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் அது உறுதியாகும், அவ்வளவுதான். அங்கே எழுந்து மேலதிகாரியை மறுத்தால் பலர் முன்னால் அவர் மானத்தைக் கெடுத்ததாகிவிடும். அமெரிக்க மேலாளரோ ஜெர்மன் மேலாளரோ வாதம் செய்யத்தான் கூட்டத்துக்கே வருகிறார். சீனத் தரப்பின் மௌனத்தை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். அவர் அடுக்கும் கேள்விகளைச் சீனத் தரப்பு மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது.

இதைவிட அதிகம் கெடுப்பது இரவுத் தொலைபேசி அழைப்பு. அமெரிக்காவில் மாலை என்றால் சீனாவில் காலை. உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு சீன மேலாளர் தலைமையகத்தோடு மாண்டரினில் பேசுகிறார். பகலில் ஒப்புக்கொண்டது அங்கே மாறிவிடுகிறது. மறுநாள் காலை உள்ளூர் மேலாளருக்குப் புது உத்தரவு மட்டும் வருகிறது, காரணம் வருவதில்லை. இது நாலைந்து முறை நடந்தால் போதும், பகல் கூட்டத்தில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

இதைச் சரிசெய்யலாம். எந்தெந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே எழுத்தில் அனுப்ப வேண்டும். யோசித்துப் பதில் தயாரிக்க நேரம் கிடைப்பதால் சீன ஊழியர்களும் பேசுவார்கள். இளையவர் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில். தலைவர் முதலில் வாய் திறந்தால் அதோடு சரி. யார், எதை, எப்போதுக்குள் என்ற குறிப்பு 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் போக வேண்டும். தன் அதிகார எல்லையை மறைக்கவே கூடாது. "இந்தத் தொகைவரை நானே முடிவு செய்வேன். அதற்கு மேல் ஷென்ஜென் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் மரியாதை குறையாது, கூடும். இரவு அழைப்பைத் தவிர்க்க முடியாதுதான். அதன் முதல் பாதியை ஆங்கிலத்தில் வைத்து உள்ளூர்த் தலைவரையும் சேர்த்துக்கொள்ளலாம். மீதிப் பாதியில் ஏதாவது மாறியிருந்தால், காலையில் முதல் வேலையாகக் காரணத்தோடு அவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது எழுத்து. சீன மேலாளரின் மின்னஞ்சல் பெரும்பாலும் பின்னணியிலிருந்து தொடங்கும்: மூலப்பொருள் தாமதம், சப்ளையர் சொன்னது, தலைமையகத்தின் செலவுக் கவலை. கேட்க வந்தது ஒன்பதாவது வரியில் இருக்கும். காரணங்களை அடுக்கி முடிவுக்கு வருவது சீனத்தில் இயல்பான வரிசை, பணிவான வரிசையும்கூட. அமெரிக்கர் மூன்றாவது வரியைத் தாண்டுவதில்லை. "புதிய விலைக்கு வியாழக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும். காரணம் மூன்று" என்று தொடங்கப் பழக்க வேண்டும். ஆனால் அதே ஆள் சீனத் தலைமையகத்துக்கு எழுதும்போது பழைய வரிசைக்குத் திரும்பத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அங்கே அவசரக்காரர் என்று பெயர் வாங்குவார். இரண்டு வரிசையிலும் எழுதத் தெரிந்தவரைத்தான் தேர்ச்சி பெற்றவர் என்பேன்.

மறுப்பதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். "ஆராய்ந்து பார்க்கிறோம்" என்றால் முடியாது என்று சீனச் சக ஊழியர் புரிந்துகொள்வார். வெளிநாட்டு வாடிக்கையாளர் பத்து நாள் காத்திருந்து, பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்பார். முடியாது என்று முதலிலேயே சொல்லி, காரணம் ஒன்றைச் சொல்லி, வேறு வழி ஒன்றைக் காட்டுவது என்று மூன்று வாக்கியத்தில் பேசிப் பழகலாம்.

எண்களில் வரும் பிழையை அதிகம் பேர் கவனிப்பதில்லை, பணத்தில் அடிபடுவதோ இங்கேதான். நாம் லட்சம், கோடி என்று எண்ணுவதுபோல, சீனத்தில் பத்தாயிரம் ஒரு அலகு (வான்), பத்துக் கோடி ஒரு அலகு (யீ). 1.3 யீ என்பது 130 மில்லியன். பேச்சின் வேகத்தில் மொழிபெயர்ப்பாளர் அதை 13 மில்லியன் என்றோ 1.3 பில்லியன் என்றோ சொல்லிவிடலாம். எண்களை எல்லாம் ஒரு தாளில் இலக்கமாகவே எழுதி முந்தின நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். பேசும்போது இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். திரையில் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசுங்கள்.

சட்டத்தைத் தனி வகுப்பாக நடத்தினால் மனதில் நிற்காது, அன்றாட வேலையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் மன்றம் உள்ள நிறுவனத்தில் அதன் கருத்தைக் கேட்காமல் ஒருவரை நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. ஊழியரின் வேலையைக் கண்காணிக்கக்கூடிய மென்பொருளைக் கொண்டுவரவும் மன்றத்தின் சம்மதம் வேண்டும். சீனாவில் ஒரே நாளில் நிறுவிய வருகைப்பதிவுச் செயலி அங்கே மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். பிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஞாயிறு இரவு வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் உத்தரவு போடும் பழக்கத்தை அங்கே விட்டாக வேண்டும். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற முறை சட்டவிரோதம் என்று சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றமே 2021-ல் சொல்லிவிட்டது. அந்த முறையைச் சீன உழைப்பின் பெருமையாக வெளிநாட்டில் எடுத்துச் சொல்ல இடமில்லை.

பயிற்சியை எப்படி அமைப்பது? இரண்டு நாள் பயிலரங்கில் தகவல் ஏறும், பழக்கம் மாறாது. வாரம் ஒரு முறை 90 நிமிடம், 12 வாரம், குழுவுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் என்பது நல்ல அளவு. மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். போட்டால் கீழே இருப்பவர் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வாயே திறக்க மாட்டார், மேலே இருப்பவர் திருத்தத்தை ஏற்க மாட்டார். கருத்துகளை மாண்டரினில் விளக்கிவிட்டு ஒத்திகையை ஆங்கிலத்தில் வையுங்கள். பாடநூல் உதாரணம் வேண்டாம். அவரவர் போன வாரம் அனுப்பிய மின்னஞ்சலும், சம்மதத்தோடு பதிவான அவர்களுடைய கூட்டமும்தான் பாடப்பொருள். தன் குரலைத் தானே கேட்கும்போது முதலில் எல்லோரும் சங்கடப்படுவார்கள். திருத்தத்தைப் பலர் முன்னால் சொல்லாமல் எழுத்தில் தனியாகக் கொடுத்தால் அந்தச் சங்கடம் சீக்கிரம் தணியும்.

பலனை மதிப்பெண் தாளில் தேட வேண்டாம். மின்னஞ்சலில் கோரிக்கை எத்தனையாவது வரியில் வருகிறது, கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை முறை மறுத்துப் பேசுகிறார்கள், எடுத்த முடிவுகளில் எத்தனை மறுநாள் மாறுகின்றன என்று பாருங்கள். கடைசி எண்ணிக்கை குறையாவிட்டால் குறை அனுப்பப்பட்ட மேலாளரிடம் இருக்காது. இரவில் அழைப்பவர் தலைமையகத்துத் துணைத்தலைவர். அவரையும் அந்த 12 வாரத்தில் இரண்டு அமர்வுக்காவது வரச்செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சி ஒப்பந்தம் பேசும்போதே எழுதிவாங்கிக்கொள்ளுங்கள்.