மத்தியஸ்தம்தானே ஐயா

"நமக்குப் பிடிக்கலைன்னா வேணாம்னு எழுந்து வந்துடலாம்ல தம்பி?" என்று, நான் ஒப்பந்தத்தைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த கட்சிக்காரர் கேட்டார். "மத்தியஸ்தம்தானே ஐயா" என்றேன். அதை நான் பதிலாகச் சொல்லவில்லை. அவர் பதிலாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பிரெஞ்சுத் தரப்பு எழுதிய ஒப்பந்தம். தகராறு வந்தால் நடுவர்கள் ‘அமியாப்ள் கொம்போசித்தர்’ ஆக இருந்து முடிவு செய்வார்கள் என்றது ஒரு ஷரத்து. அதைத்தான் நான் ‘மத்தியஸ்தம்’ என்றேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நட்போடு இணக்கம் செய்பவர். ஏமாற்றுகிற சொல். சட்டத்தை வரிக்கு வரி பிடித்துக்கொள்ள வேண்டாம், நியாயமாகப் படுவதைச் செய்யுங்கள் என்று நடுவருக்குக் கொடுக்கும் அதிகாரம் அது. முடிவு மட்டும் இரு தரப்பையும் கட்டும். இரு தரப்பும் வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால்தான் இந்த அதிகாரம் உண்டு என்கிறது 1985-ஆம் ஆண்டின் அன்சிட்ரால் (ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம்) மாதிரிச் சட்டம். இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டமும் 28(2)-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. அதே ஆண்டில் வந்த இங்கிலாந்துச் சட்டம் பிரெஞ்சுச் சொல்லைத் தொடவே இல்லை. தரப்பினர் ஒப்புக்கொண்ட ‘வேறு அடிப்படைகள்’ என்று 46-ஆம் பிரிவில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்களே நழுவிய இடத்தில் மொழிபெயர்ப்பாளன் தடுக்கி விழுந்தது பெரிய குற்றமா என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன்.

வாதம் நிற்பதில்லை. நான் தடுக்கியது தமிழில். பேசிச் சேர்த்து வைப்பவரும் நமக்கு மத்தியஸ்தர், விசாரித்துத் தீர்ப்பு எழுதுபவரும் மத்தியஸ்தர். அகராதி என் பக்கம்தான். அவர் அகராதியையா கேட்டார்? எழுந்து வரலாமா என்றார். ‘முடியாது ஐயா’ என்று சொல்ல எந்த நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டாம்.

சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை இல்லை என்பதும் உண்மைதான்.

தகராறு வந்தது. ஒப்பந்த வாசகப்படி தாமதத்துக்கான தொகை முழுவதும் அவருக்கு வர வேண்டும். முழுவதையும் வாங்குவது நியாயமாகாது என்று நடுவர்கள் பாதியாகக் குறைத்தார்கள். "எழுந்து வர முடியாதாமே தம்பி" என்று போனில் சொன்னார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

தீர்ப்பைப் படித்தேன். நியாயமாகத்தான் இருந்தது. அவர் தாமதத்தால் இழந்தது அந்தப் பாதிகூட இருக்காது. முடிவு அவர் பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சொல்லை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. இப்போதெல்லாம் ‘நடுவர் தீர்ப்பு, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்’ என்று நீட்டித்தான் எழுதுகிறேன். நீளம் என்று வெட்டிவிடுகிறார்கள்.

அன்று அந்த அறையில் அவருடைய வக்கீலும் இருந்தார். கேள்வியும் அவர் காதில் விழுந்தது, என் பதிலும் விழுந்தது. தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏன் குறுக்கிடவில்லை என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கேட்டால், அதையே அவர் என்னிடம் திருப்பிக் கேட்பார்.